நெபுலைசரா, ஸ்பேசரா? இளைப்போடு வரும் குழந்தைக்கு எது, எப்போது

குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவர்களை ஒரே கேள்வி இரண்டு பக்கமிருந்தும் துரத்தும். "ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கிட்டு ஓடினோம் டாக்டர். மெஷினே வைக்கல, வெறும் பம்ப் அடிச்சு அனுப்பிட்டாங்க. சரியாத்தான் பார்த்தாங்களா?" என்று ஒரு அம்மா கேட்பார். அடுத்தவர், "மெல்பர்ன்ல எங்க அண்ணன் பையனுக்கு ஸ்பேசர்லதான் குடுக்கிறாங்களாம். இங்க மட்டும் எப்பப் போனாலும் ஏன் நெபுலைசர்?" என்பார். பயிற்சி மருத்துவர்களுக்கும் இதே குழப்பம் உண்டு, கூடவே எந்த ஸ்டீராய்டு என்ற கேள்வியும்.

அவர்கள் சொல்லும் மெஷின்தான் நெபுலைசர்: திரவ மருந்தை நுண்துளிப் புகையாக்கி மாஸ்க் வழியே கொடுக்கும் கருவி. பம்ப் என்பது இன்ஹேலர். அதைச் செருகி மாஸ்க் வழியே மருந்து கொடுக்கும் பிளாஸ்டிக் குழல் ஸ்பேசர். என் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசான, நடுத்தரமான இளைப்புக்கு ஸ்பேசர். ஆக்சிஜன் இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாத குழந்தைக்கு ஆக்சிஜனில் ஓடும் நெபுலைசர். ஆனால் அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைகளில் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருப்பார்கள். அங்கே எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதுதான் விஷயம்.

## தேர்வே இல்லாதவை

ஆஸ்துமா தாக்குதலில் மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, குழாயின் உட்சுவர் வீங்குகிறது, மீதமிருக்கும் இடத்தைச் சளி அடைக்கிறது. இன்ஹேலரிலும் நெபுலைசரிலும் கொடுக்கும் மருந்தான சால்பூட்டமால் முதலாவதை மட்டும், சில நிமிடங்களில் தளர்த்தும். வீக்கத்தை வடிய வைப்பது ஸ்டீராய்டு. அது வேலை செய்யத் தொடங்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும் என்பதால்தான் முதல் மணி நேரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். இரண்டும் வேலை செய்யும்வரை உயிரைப் பிடித்து வைத்திருப்பது ஆக்சிஜன்.

இந்த மூன்றில் எதையும் "இதற்குப் பதில் அது" என்று பேரம் பேச முடியாது. பேச்சு எல்லாம் சால்பூட்டமாலை எந்த வழியாக நுரையீரலுக்கு அனுப்புவது, ஸ்டீராய்டில் எதைக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். எல்லா இளைப்பும் ஆஸ்துமா இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல்முறையாகச் சளியோடு வரும் இளைப்பு பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ், அதாவது சிறு மூச்சுக்குழாய்களில் வரும் வைரஸ் தொற்று. அதற்கு சால்பூட்டமால் பயன்படாது, எந்த வழியில் கொடுத்தாலும். வேர்க்கடலை தின்று கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று ஒரு பக்க நுரையீரலில் மட்டும் சத்தம் குறைந்தால் அது வேறு கதை. உடனே மூச்சுக்குழாயில் அந்தக் கடலையைத் தேட வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் தீவிரம். பிரிட்டிஷ் வழிகாட்டுதல் இப்படிக் கோடு போடுகிறது: ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழ், 2 முதல் 5 வயதில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140க்கு மேல் அல்லது மூச்சு 40க்கு மேல், 5 வயதுக்கு மேல் துடிப்பு 125, மூச்சு 30. ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியவில்லை, பால் குடிக்க முடியவில்லை என்றாலும் அது தீவிரத் தாக்குதல்தான். என்னைப் பொறுத்தவரை எண்களுக்கு முன்னால் கண் பார்ப்பது கழுத்தின் அடிப்பள்ளத்தையும் விலா எலும்புகளுக்கு நடுவேயும். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த இடம் உள்ளே குழிந்து போனால் குழந்தை கடுமையாக உழைக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, ஆக்சிஜன் தொடர்ந்து தேவையா என்பது. மூன்றாவது, குழந்தை மாஸ்க்கை ஏற்றுக்கொள்கிறதா. நான்காவது, பக்கத்தில் நின்று கொடுக்க ஆள் இருக்கிறதா. ஐந்தாவது பின்விளைவு. ஆறாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: இங்கே செய்வதை நாளை ராத்திரி வீட்டில் பெற்றோரால் திரும்பச் செய்ய முடியுமா?

"எது பவர் ஜாஸ்தி?" என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். காரணம் கீழே.

## ஸ்பேசரும் இன்ஹேலரும்

இன்ஹேலரின் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம் சால்பூட்டமால். மெல்பர்னின் ராயல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனை வழக்கப்படி 6 வயதுக்குக் கீழே 6 பஃப், அதற்கு மேல் 12 பஃப். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று சுற்று. சிறு குழந்தைக்கு ஒரு சுற்றில் போவது 600 மைக்ரோகிராம். அதே குழந்தைக்கு நெபுலைசர் கோப்பையில் ஊற்றுவது 2.5 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்குக்கும் மேல். இதைப் பார்த்துத்தான் மெஷினுக்குப் பவர் அதிகம் என்று தோன்றுகிறது. உண்மையில் அந்த 2.5 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போனாலே பெரிய விஷயம். மீதி கோப்பையின் அடியில் தங்கும், மாஸ்க்கின் ஓட்டை வழியே அறைக்குள் போகும், கன்னத்தில் படியும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் புதுப்பித்த தொகுப்பாய்வு இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. பெரியவர்களையும் சேர்த்து 39 ஆய்வுகள், அவற்றில் 1,897 குழந்தைகள். வார்டில் சேர்க்க வேண்டி வந்த குழந்தைகளின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் நெபுலைசர் வைத்த குழந்தைகள் அவசரப் பிரிவில் சராசரியாக 103 நிமிடம் இருந்தார்கள். ஸ்பேசர் குழந்தைகள் அதைவிட 33 நிமிடம் முன்னதாகக் கிளம்பினார்கள். நாடித்துடிப்பு ஏறுவதும் கை நடுங்குவதும் ஸ்பேசர் பக்கம் குறைவு. ஒரு முக்கியமான வரம்பு உண்டு: உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்த குழந்தைகளை இந்த ஆய்வுகள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே "எல்லாருக்கும் ஸ்பேசர்" என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

செய்முறை எளிதுதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் கோட்டை விட வழி இருக்கிறது. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கம் செருகி, மாஸ்க்கை மூக்கும் வாயும் அடங்க அழுத்திப் பிடித்து, ஒரு பஃப். பிறகு குழந்தை தன்பாட்டில் ஐந்தாறு மூச்சு விட வேண்டும். ஸ்பேசரின் வால்வு ஒவ்வொரு மூச்சுக்கும் 'டிக் டிக்' என்று திறந்து மூடுவது கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். வால்வு அசையவில்லை என்றால் மாஸ்க் முகத்தில் ஒட்டவில்லை, மருந்து உள்ளேயே நிற்கிறது. மறுபடி குலுக்கி அடுத்த பஃப். அவசரத்தில் ஆறையும் சேர்த்து அடித்துவிட்டு மாஸ்க்கை வைப்பவர்கள் உண்டு. துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி ஸ்பேசரின் சுவரிலேயே படிந்துவிடும். ஆறு அடித்து ஒன்றிரண்டின் பலன்தான் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். முதலாவது ஆள். ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் என்றாலும் அந்த நேரம் முழுக்க நர்ஸ் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நெபுலைசர் மாஸ்க்கை மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். இரவுப் பணியில் ஒரு நர்ஸுக்குப் பத்துக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் மெஷின் ஜெயிப்பதற்கு இதுதான் முழுக் காரணம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முதல் சுற்றை நர்ஸ் செய்து காட்டி, இரண்டாவதை அம்மாவைச் செய்ய விட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தால், மூன்றாவதற்கு ஆள் தேவைப்படாது. வீட்டுக்கான பயிற்சியும் அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, பிளாஸ்டிக்கின் நிலைமின்சாரம். புத்தம்புது ஸ்பேசர் மருந்துத் துகளைத் தன் சுவரில் இழுத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி அலசாமல், துணியால் துடைக்காமல், அப்படியே நிழலில் காயவிட வேண்டும். பளபளவென்று துடைத்து வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில்தான் இது தவறிப் போகும்!

மூன்றாவது, இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்பது. எண்ணிக்கை காட்டும் டப்பா இல்லை என்றால், தீர்ந்த பிறகும் வெறும் வாயு 'புஸ்' என்று வரும். தண்ணீரில் மிதக்கிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை அல்ல. 200 பஃப் கொண்ட டப்பாவில் ஒரு தாக்குதலுக்கே 18 போய்விடும், பெரிய பிள்ளைக்கு 36. தேதி எழுதிக் கணக்கு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்பேசரே இல்லாத ஊர் என்ன செய்யும்? கேப் டவுனில் ஹெதர் ஸார் குழுவினர் 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கை ஒட்டி அடைத்துவிட்டால், கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு அது சளைக்கவில்லை. இடுக்கை அடைக்காத பாட்டிலின் பலன் நடுத்தரம். தெர்மாகோல் கப்பின் பலன் மிகக் குறைவு. கையில் இன்ஹேலர் இருந்து ஸ்பேசர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை.

## நெபுலைசர்

நெபுலைசரின் உண்மையான பலம் அதன் புகையில் இல்லை, பின்னாலிருக்கும் குழாயில் இருக்கிறது. நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் ஆக்சிஜனை அந்தக் குழாயில் விட்டு மருந்தை நுண்துளிகளாக்கினால், ஆக்சிஜனும் மருந்தும் சேர்ந்தே போகும். ஆக்சிஜன் 88இல் நிற்கும் குழந்தையின் முகத்திலிருந்து மாஸ்க்கை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மூச்சை ஒழுங்காக இழுக்கத் தெம்பில்லாத, சோர்ந்து சாய்ந்த குழந்தைக்கு விடாமல் தொடர்ச்சியாகவும் கொடுக்கலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியத்தைக் கலந்து வைப்பதும் சுலபம். நடுத்தர, தீவிரத் தாக்குதலில் முதல் மணி நேரத்தில் அதைச் சேர்த்தால் வார்டில் சேர்க்க வேண்டி வருவது குறையும். ஆனால் வார்டுக்குப் போன பிறகும் நாள் முழுக்க அதைத் தொடர்வதில் பலன் இல்லை. தொடர்வது நம்மூரில் வழக்கமாகிவிட்டது.

நெபுலைசர் ஓடும்போது குழந்தை கதறி அழுதால் நிறைய பேர் செய்வது, மாஸ்க்கை ஒரு அங்குலம் தள்ளி முகத்துக்கு முன்னால் காட்டுவது. "புகை போகுது பாருங்க" என்று சமாதானம் சொல்வார்கள். தூரத்தில் ஏற்றிய ஊதுவத்தி மாதிரி வாசனை வரும், மருந்து வராது. சில சென்டிமீட்டர் இடைவெளியிலேயே நுரையீரலுக்குப் போகும் அளவு சரிந்துவிடும். அழும் குழந்தைக்கு ஸ்பேசரும் இதே பாடுதான் என்றாலும், பத்து நிமிடம் அழுவதற்கும் இரண்டு நிமிடம் அழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அம்மா மடியில், முதுகு அம்மாவின் நெஞ்சில் படும்படி உட்கார வைத்து, போனில் ஏதாவது ஓடவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது, இளம் மருத்துவர்கள் கவனிக்க வேண்டியது. சால்பூட்டமால் அளவு கூடக்கூட ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், லாக்டேட் என்ற அமிலப் பொருள் ஏறும். லாக்டேட் ஏறினால் குழந்தை வேகமாக மூச்சு விடும். இளைப்புச் சத்தம் குறைந்திருக்கும், காற்று நன்றாக உள்ளே போகும், ஆனால் மூச்சு எண்ணிக்கை மட்டும் இறங்காது. "இன்னும் அடங்கல" என்று இன்னொரு நெபுலைசர் வைத்தால் லாக்டேட் இன்னும் ஏறும். நெபுலைசர் வைப்பது சுலபமாக இருப்பதாலேயே இந்தச் சுழலில் அதிகம் மாட்டுகிறோம். மார்பில் காது வைத்துக் கேளுங்கள். மானிட்டரில் ஓடும் ஒரு எண்ணை மட்டும் பார்த்து அடுத்த டோஸை எழுத வேண்டாம்.

தொற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2003இல் சார்ஸ் வந்தபோதும், 2020இல் கோவிட் வந்தபோதும், முடிந்தவரை நெபுலைசரைத் தவிர்த்து ஸ்பேசருக்கு மாறச் சொன்னார்கள், அறைக்குள் துகள் பரவும் என்ற பயத்தில். கோவிட் ஓய்ந்ததும் பல இடங்களில் மெஷின்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டன. ஒரே கோப்பை, ஒரே குழாய் கைமாறும் இடங்களில் கழுவிக் காயவைப்பதை யார் பார்க்கிறார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | ஸ்பேசரும் இன்ஹேலரும் | நெபுலைசர் |
|---|---|---|
| லேசான, நடுத்தரத் தாக்குதல் | முதல் தேர்வு | வேலை செய்யும், கூடுதல் பலன் இல்லை |
| தீவிரம், ஆக்சிஜன் 92க்குக் கீழ் | மூக்குக் குழாயில் ஆக்சிஜன் ஓடும்போதே கொடுக்கலாம்; குழந்தை ஒத்துழைக்க வேண்டும் | ஆக்சிஜனில் ஓட்டினால் முதல் தேர்வு |
| உயிருக்கு ஆபத்து | காத்திருக்கும் நேரத்தில் மட்டும் | தொடர்ச்சியாக, ஆக்சிஜனில் |
| ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் | 2–3 நிமிடம் | 8–10 நிமிடம் |
| பக்கத்தில் ஆள் | முழு நேரமும் | மாட்டும்போதும் கழற்றும்போதும் (அப்படித்தான் நினைக்கிறோம்) |
| படபடப்பு, நடுக்கம் | குறைவு | அதிகம் |
| மின்சாரம் | வேண்டாம் | ஆக்சிஜனில் ஓட்டாவிட்டால் வேண்டும் |
| வீட்டில் தொடர | அதே சாதனம், அதே முறை | தனியாக மெஷின் வாங்க வேண்டும் |

இந்த அட்டவணையில் இரண்டாவது வரிசையில்தான் வாக்குவாதம் எழும். ஆக்சிஜன் 90, ஆனால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பையன். அவனுக்கு மூக்குக் குழாயில் ஆக்சிஜன் விட்டு ஸ்பேசரில் 12 பஃப் கொடுப்பேன். அதே 90இல் கண் சொருகிக் கிடக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நொடி யோசிக்காமல் ஆக்சிஜன் நெபுலைசர். எண் ஒன்றுதான், குழந்தை வேறு.

## சிரப்பும் ஊசியும்

இந்த இரண்டையும் போட்டியில் சேர்க்கவே கூடாது. ஆனால் நம்மூரில் இரண்டும் உயிரோடு இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. சால்பூட்டமால் சிரப் மெதுவாக வேலை செய்யும், உடம்பு முழுக்கப் போய்க் கையை நடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். மூச்சுக்குழாய்க்கு நேராகப் போகும் மருந்து கையில் இருக்கும்போது வயிற்றைச் சுற்றி வர வேண்டிய தேவை இல்லை. தியோஃபிலின் வகை ஊசியில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வாந்தி, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று எல்லாம் வரும். "ஊசி போட்டாத்தான் எங்க பேரனுக்குக் கேட்கும்" என்று பாட்டிமார்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்களோடு அந்த ராத்திரியில் சண்டை போட்டுப் பயனில்லை. ஸ்பேசரில் முதல் சுற்று முடிந்து பேரன் தண்ணீர் கேட்கும்போது பாட்டியே சமாதானமாகிவிடுவார்.

ஆன்டிபயாடிக்கும் மார்பு எக்ஸ்-ரேயும் பெரும்பாலான ஆஸ்துமா தாக்குதல்களுக்குத் தேவையில்லை. தேவைப்படும்போது அதற்கான காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுத முடியும். எழுத முடியவில்லை என்றால் தேவையில்லை.

## பிரெட்னிசோலோனா, டெக்ஸாமெதசோனா

இந்த இரண்டு ஸ்டீராய்டுகளையும் வாய்வழியாகக் கொடுத்தாலே போதும். குழந்தை வாந்தி எடுக்காமல் விழுங்கும் நிலையில் இருந்தால் நரம்பில் போடுவதால் கூடுதல் பலன் கிடையாது. ஊசிக்கு அழும் அழுகைதான் மிச்சம்.

பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், 3 முதல் 5 நாள். சிரப்பாகக் கிடைக்கும், அளவு கொடுப்பது சுலபம். 15 கிலோ குழந்தைக்கு, 5 மில்லியில் 15 மில்லிகிராம் உள்ள சிரப் 5 முதல் 10 மில்லி. பிரச்சினை சுவை. கசப்பு தாங்காமல் துப்பும், வாந்தி எடுக்கும். வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் குழந்தை ஓடியாட ஆரம்பித்துவிட்டால் பாட்டிலும் அலமாரிக்குள் போய்விடும். ஐந்து நாள் எழுதிக் கொடுத்தால் ஐந்து நாளும் உள்ளே போகிறது என்று நம்புவது மருத்துவர்களின் ஆசை.

டெக்ஸாமெதசோன் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் வரை, உச்ச அளவு 16 மில்லிகிராம். ஒரே டோஸ் அல்லது மறுநாள் இன்னொன்று. அதோடு முடிந்தது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரையில், இளைப்பு திரும்ப வருவதில் வித்தியாசம் இல்லை, வாந்தி டெக்ஸாமெதசோனில் குறைவு. இரண்டு நாளுக்கு மேல் தொடரக் கூடாது என்பதை மறக்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு மாத்திரையின் அளவில் இருக்கிறது. அதே 15 கிலோ குழந்தைக்கு 9 மில்லிகிராம் தேவை. மருந்தகத்தில் 0.5 மில்லிகிராம் மாத்திரை மட்டும் இருந்தால் 18 மாத்திரையைப் பொடி செய்ய வேண்டும். 4 மில்லிகிராம் மாத்திரை வைத்திருக்கும் இடத்தில் வேலை சுலபம். ஒரு மில்லியில் 4 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்தையே தேனிலோ சர்க்கரைப் பாகிலோ கலந்து வாய்வழி கொடுப்பதும் பல அவசரப் பிரிவுகளில் நடக்கிறது; ஒரு வயது தாண்டாத குழந்தைக்குத் தேன் கூடாது. பெற்றோர் மறுபடி வருவார்களா, மருந்து வாங்குவார்களா என்று சந்தேகம் இருக்கும் குடும்பத்துக்கு, கண்ணெதிரே ஒரே டோஸில் வேலையை முடிக்கும் டெக்ஸாமெதசோன்தான் என் தேர்வு. வார்டில் சேர்க்கப் போகும் குழந்தைக்கு எதுவானாலும் சரி.

நெபுலைசரில் கொடுக்கும் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டை இதற்கு மாற்றாக நினைத்துவிடக் கூடாது. "டியோலினும் புடிகார்ட்டும் கலந்து வைங்க" என்பது நம் வார்டுகளில் மந்திரம் மாதிரி ஆகிவிட்டது (முதலாவது மூச்சுக்குழாயை விரிக்கும் கலவை, இரண்டாவது புடெசொனைடு). அந்தக் கலவை ஓடுகிற திருப்தியில் வாய்வழி ஸ்டீராய்டு தாமதமானால் நஷ்டம் குழந்தைக்கு.

ஒரு விதிவிலக்கு உண்டு. சளி பிடிக்கும்போது மட்டும் இளைக்கும், மற்ற நாளில் நன்றாக இருக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். லேசான, நடுத்தர இளைப்போடு வந்த இப்படிப்பட்ட சுமார் 700 குழந்தைகளை வைத்து 2009இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில், பிரெட்னிசோலோன் கொடுத்ததால் மருத்துவமனையில் தங்கும் நேரம் குறையவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் கொஞ்சம் பலன் காட்டியிருக்கின்றன. நான் இந்தக் குழந்தைகளில் இளைப்பு தீவிரமாக இருந்தாலோ, வீட்டில் ஆஸ்துமா, கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) வரலாறு இருந்தாலோ மட்டும் ஸ்டீராய்டு கொடுப்பேன்.

## மூன்று சுற்றுக்கும் அடங்காவிட்டால்

இங்கே ஸ்பேசரா நெபுலைசரா என்பது பழைய கேள்வியாகிவிடும். மெக்னீசியம் சல்ஃபேட், கிலோவுக்கு 40 முதல் 50 மில்லிகிராம், அதிகபட்சம் 2 கிராம், 20 நிமிடத்தில் நரம்பு வழியாக, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே. அதைத் தாண்டினால் தீவிர சிகிச்சைப் பிரிவு. இளைப்புச் சத்தம் திடீரென்று நின்று குழந்தை அமைதியாகிவிட்டால் "அடங்கிடுச்சு" என்று நினைக்க வேண்டாம். சத்தம் வருமளவுக்குக் கூட காற்று போகவில்லை என்று பொருள். இந்த வசதிகள் இல்லாத இடமென்றால், முதல் சுற்று முடிந்ததுமே அனுப்புவதற்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும். ஆக்சிஜன் ஓடும் ஆம்புலன்ஸில், மருந்து கொடுத்துக்கொண்டே.

## வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கி வைக்கலாமா?

பெற்றோர் கடைசியில் கேட்பது இதுதான். பெரும்பாலானவர்களுக்கு என் பதில் வேண்டாம். வீட்டு மெஷின் ஓடுவது அறைக் காற்றில், ஆக்சிஜனில் அல்ல. சால்பூட்டமால் போனதும் நுரையீரலில் ரத்த ஓட்டம் மாறி, சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் அளவு கொஞ்சம் இறங்கக்கூடும். மருத்துவமனையில் அதை ஆக்சிஜன் ஈடுகட்டும், வீட்டில் ஈடுகட்ட ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து தாமதம். மெஷின் இருக்கும் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று என்று வைத்துப் பார்த்துவிட்டு விடியற்காலையில் சோர்ந்த குழந்தையைத் தூக்கி வருவார்கள். போகிப் புகையும் தீபாவளிப் பட்டாசும் முடிந்த மறுநாள் காலையில் இப்படி வரும் குழந்தைகள் அதிகம். ஸ்பேசர் வைத்திருந்தாலும் தாமதிக்கலாம்தான். ஆனால் எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளி என்று எண்ணி அடிப்பதால் "இது மூணாவது தடவை" என்பது உறைக்கும்.

ஸ்பேசர் சரியாகவே பிடிக்க முடியாத, வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தை. திடீரென்று மிகத் தீவிரமாகும் வரலாறு உள்ள, மருத்துவமனை வெகுதூரத்தில் இருக்கும் குடும்பம்: இவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த திட்டத்தோடு வீட்டு நெபுலைசர் நியாயம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் தரமான ஸ்பேசர் இரண்டு வாங்கி, ஒன்றைப் பள்ளிக்கூடப் பையில் போட்டு வையுங்கள். மீதிப் பணம் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலருக்கு ஆகும்.

"பம்ப் அடிச்சா பழக்கமாயிடுமாமே?" பழக்கமாகாது. நெபுலைசரில் இருப்பதும் அதே சால்பூட்டமால்தான். மாதாமாதம் சால்பூட்டமால் தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை, தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடங்க வேண்டும் என்று அர்த்தம். அவசரப் பிரிவிலிருந்து கிளம்பும் முன்னாலேயே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் நர்ஸ் எதிரில் நீங்களே ஒருமுறை ஸ்பேசரில் கொடுத்துக் காட்டுங்கள், வால்வு அசைகிறதா பாருங்கள். ஓரிரு நாளில் உங்கள் வழக்கமான டாக்டரிடம் போங்கள். நடுவில் இளைப்பு வந்தால், ஆஸ்திரேலியாவில் பள்ளிகளில் சொல்லித் தரும் கணக்கு நினைவில் நிற்க எளிது: 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு, 4 நிமிடம் பார்த்து, குறையாவிட்டால் இன்னொரு 4. அதற்கும் கேட்கவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பேச முடியவில்லை, மயங்குகிறது என்றால் 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை 4 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டே இருங்கள். அடங்கிய இளைப்பு மூன்று மணி நேரம் கூடத் தாங்காமல் மறுபடி பஃப் கேட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள்.